ருசி பார்த்தவள்

"இந்த வீட்டுல ஒரு மகாராணி இருக்கா... அவ சூப்பு குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பொழுதே விடிஞ்சு சாஞ்சிடும்!"

மாமியாரின் குரல் சாப்பாட்டு மேஜையைத் தாண்டி, கீழே இருந்த அவர்கள் பேக்கரி வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் பேசினாள்.

மருமகள் சின்னக் கிண்ணத்திலிருந்த சூப்பை ஒவ்வொரு ஸ்பூனாக, நிறுத்தி நிறுத்தி விழுங்கினாள். அறுவை சிகிச்சையில் அவளது இரைப்பையைச் சிறியதாக்கி, குடலை வேறு வழியில் இணைத்திருந்தார்கள். அவசரப்பட்டால் நெஞ்சுக்குள் கல் உட்கார்ந்த மாதிரி அடைக்கும்.

"முன்னாடி டிரம்முனு கூப்பிட்டோம். இனிமே என்னன்னு கூப்பிடுறது... புல்லாங்குழல்னா?" என்று சிரித்தாள் நாத்தனார். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் தங்க வந்து, வருஷக்கணக்காகத் தங்கிவிட்டவள். தான் குடித்த காபிக் கோப்பையைக்கூடக் கழுவி அறியாதவள். "இந்த வயசுல யாருக்குக் காட்ட இந்த அழகுன்னு ஊரே கேக்குது அண்ணி!"

ஊர் கேட்கவில்லை. ஊரிடம் இவள்தான் போய்ச் சொல்லியிருந்தாள்.

அழகாம் அழகு! கால்விரல் புண் ஆற மறுத்தது. கண்ணுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்தது. ஊசி மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போனது. அதற்கப்புறம்தான் டாக்டர் சொன்னார். "இளைக்கிறதுக்கு மட்டும்தான் இந்த ஆபரேஷன்னு நினைக்காதீங்கம்மா. உங்க சர்க்கரைக்கே இது வைத்தியம். அடியோட போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நல்லா இறங்க வாய்ப்பு அதிகம்."

இறங்கியது. உடம்பு இளைக்கும் முன்பே சர்க்கரை இறங்கியது. ஊசியையும் சர்க்கரை மாத்திரைகளையும் டாக்டர் ஒவ்வொன்றாக நிறுத்தினார். அதை இந்த வீட்டில் ஒருவர் காதிலும் போட்டுக்கொள்ளவில்லை.

கணவர் படியேறி வந்தார். கையில் கிரீம் தட்டு.

"புது கிரீம்... பெரிய ஆர்டர். ஒரு ஸ்பூன் பாத்துடேன்." அவள் கண்ணைப் பார்க்காமல் நீட்டினார்.

முதல் தட்டை ருசி பார்க்காமல் அந்தக் கடை திறப்பதில்லை. கல்யாணமான புதிதில் அவர்தான் ருசி பார்த்தார். பிறகு திடீரென்று ஒரு நாள், "இவளுக்குத்தான் நல்ல நாக்கு" என்று தட்டு அவளிடம் வந்தது. ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. "இனிப்புப் பைத்தியம்! தின்னு தின்னே நோயை வாங்கிக்கிட்டா" என்று மட்டும் வாய் கூசாமல் சொன்னார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு தடவை தட்டு வந்தது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடத்து, வேர்த்து ஊற்றி, குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரே இந்தக் கணவர்தான். தெரிந்தும் நீட்டுகிறார்!

"முடியாதுங்க."

மேஜையே அசந்து போனது.

"என்னது! என் புள்ள கையில தட்டோட நிக்கிறான், உனக்கு அவ்வளவு திமிரா?"

"நாடகம்மா! எல்லாம் நாடகம்!" நாத்தனார் உள்ளே ஓடி மருமகளின் மாத்திரை டப்பாவைத் தூக்கி வந்தாள். "ஊசி நின்னுடுச்சு, மாத்திரை நின்னுடுச்சுன்னு பீத்திக்கிட்டாங்களே... இதோ பாரு, புது அட்டை! இதுக்குத்தானா அந்த ஆபரேஷன்?"

மருமகள் கணவரைப் பார்த்தாள்.

"சொல்லுங்க... இப்பவாவது சொல்லுங்க."

"அது... அது சும்மா வைட்டமின்மா," என்றார் அவர் தட்டைப் பார்த்தபடி.

"வைட்டமினா? பொண்டாட்டிக்கு மட்டும்தான் வாங்குவியா? பெத்தவளுக்கு முட்டி தேயுறது கண்ணுக்குத் தெரியலையா?" மாமியார் அட்டையைப் பிடுங்கி இரண்டைக் கையில் உதிர்த்தாள். தண்ணீர் இருந்த கண்ணாடி டம்ளரையும் தூக்கிவிட்டாள்.

"அம்மா! வேணாம்!"

அவர் தட்டிவிட்டதில் மாத்திரை உருண்டது. டம்ளர் விழுந்து உடைந்தது.

"சர்க்கரை மாத்திரைம்மா அது... என்னோடது..."

நாத்தனார் டப்பாவை மெல்ல மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. இவளுக்கு அப்புறம்தான். சர்க்கரைக்காரன் செய்யுற கேக்கை எவன் வாங்குவான்னு பயந்தேன்... ஸ்பூனைத் தொட்டா நிறுத்தவும் தெரியாது எனக்கு. அதனாலதான் இவ தட்டை வாங்கிக்கிட்டா. டாக்டர்கிட்ட போகாமலே மாத்திரை வாங்கி, அதையும் இவ டப்பாவுலயே வெச்சு..." தோள் குலுங்க அழுதார். நல்ல உயரமான மனிதர். அழும்போது அந்த உயரம் அத்தனையும் வீணாகத் தெரிந்தது.

"ஏன்டி, இதை என்கிட்டயே மறைச்சியா!" என்று ஆரம்பித்த மாமியாரின் குரல் பாதியிலேயே உடைந்தது.

மருமகள் சிரித்தாள். கண் மட்டும் நிறைந்திருந்தது.

"அவர் மானத்தை நான் காப்பாத்தினேன் அத்தை. என் மானத்தை நீங்க தினமும் காலை டிபனோட சேத்துத் தின்னீங்க. பக்கத்துலயே உக்காந்து இவரும் தின்னார்."

"அண்ணி... தெரியாமப் பேசிட்டேன்..."

"ஒரு நாளாவது கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." கணவரிடம் திரும்பினாள். "இன்னைக்கே டாக்டர்கிட்ட போறோம். வாசல் வரைக்கும் நான் வரேன். உள்ளே நீங்கதான் வாயைத் திறக்கணும்."

அவர் தலையாட்டினார்.

மாமியார் மூக்கை உறிஞ்சினாள். "அப்ப... இந்த கிரீமை யார்தான் ருசி பாக்குறது?"

"நாக்கு எல்லாருக்கும் இருக்கு அத்தை. இவ்வளவு நாளா அதை என்னைப் பேசுறதுக்கு மட்டும் வெச்சிருந்தீங்க."

மாமியாரின் முகம் சுருங்கிப் போனது. கண்ணாடித் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "மன்னிச்சுடும்மா... நான் பாவி..." அந்தக் கண்ணீரில் மருமகளின் தோள் நனைந்தது.

மருமகள் கைகளைத் தொங்கவிட்டபடியே நின்றாள். வெகுநேரம் கழித்து, ஒரு கையை மட்டும் தூக்கி அந்த முதுகில் வைத்தாள்.

இன்னொரு கைக்கு இன்னும் மனசு வரவில்லை.