முதலில் காய்ந்த இடம்

வீட்டில் அவளுக்குப் பெயர் கேள்விக்குறி. வயது பத்து. அன்று அவள் மேல் ஒரு வழக்கு இருந்தது.

அக்காவின் லேப்டாப் செத்துக் கிடந்தது. மறுநாள் காலையில் அக்கா கல்லூரியில் காட்ட வேண்டிய படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

"இவதாம்மா! தலையணை மேல வச்சுப் படம் பார்த்தே சூடாக்கிட்டா" என்றாள் அக்கா.

அம்மா தீர்ப்பைத் தள்ளிவைத்தாள். "சித்தப்பா பார்த்துச் சொல்லட்டும். இவ தப்புன்னா லீவு முழுக்க லேப்டாப்பைத் தொடக் கூடாது."

லீவு முப்பது நாள். பள்ளிப் பையைக்கூட இறக்காமல் கேள்விக்குறியும் அக்காவோடு சித்தப்பா கடைக்குக் கிளம்பினாள்.

சித்தப்பா லேப்டாப் மெக்கானிக். உள்ளேயிருந்த பச்சைப் பலகையை வெளியே எடுத்து, இரண்டு ஒயர் வைத்து, கொஞ்சமாக மின்சாரம் கொடுத்தார்.

"ஏதோ ஒரு பார்ட் கரண்டை எல்லாம் குடிச்சுட்டுச் சூடாகுது. எதுன்னுதான் தெரியல."

பலகையில் நூற்றுக்கணக்கான பொடிப் பொடிப் பார்ட்டுகள். சித்தப்பா ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"எல்லாம் ஜில்லுனுதான் இருக்கு."

கேள்விக்குறி அவர் விரலைப் பார்த்தாள். இருபது வருடம் ஈயத்தை உருக்கி சால்டரிங் செய்த விரல். கொதிக்கிற டீ டம்ளரைத் துணி இல்லாமல் தூக்கும் விரல்.

"சித்தப்பா, உங்க விரலுக்குச் சூடு தெரியுமா?"

சித்தப்பா யோசித்தார். "ரொம்ப நாளாச்சு."

அக்கா விரலை நீட்டினாள். பலகைக்கு ஒரு சாண் மேலேயே "ஆ!" என்று அலறினாள்.

"இன்னும் தொடவே இல்லையே?" என்றார் சித்தப்பா.

"தொட்டா சுடுமே, அதான் முன்னாடியே கத்திட்டேன்."

"நான் தொடட்டுமா?" என்றாள் கேள்விக்குறி.

"சின்னப் பிள்ளைங்க கை வைக்கக் கூடாது" என்றார் சித்தப்பா.

கேள்விக்குறி கையைக் கட்டிக்கொண்டாள். வகுப்பில் கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பது அவள் வேலை. வெயில் படும் மூலைதான் எப்போதும் முதலில் காயும்.

"சித்தப்பா, இதை ஈரமாக்கிப் பார்த்தா என்ன? சூடான இடம் முதல்ல காயுமே?"

"தண்ணியா? வேற வினையே வேண்டாம்!" என்று பலகையைக் கட்டிப்பிடித்தார். பிடித்தபடியே நின்றார். அவர் பார்வை மெதுவாக, பலகை துடைக்க வைத்திருந்த, சட்டென்று காயும் ஸ்பிரிட் பாட்டில் மேல் போனது.

"இது எனக்கு முன்னாடியே தெரியும். நீ சொல்றியான்னு பார்த்தேன்."

"சரி சித்தப்பா" என்றாள் கேள்விக்குறி, மரியாதையாக.

பிரஷ்ஷால் பலகை முழுக்க ஸ்பிரிட் தடவி, மறுபடி மின்சாரம் கொடுத்தார். மூன்று தலைகள் குனிந்தன. பளபளவென்று ஈரம். திடீரென்று ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் காய்ந்தது.

"அங்க!"

அது ஒரு கெப்பாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பார்ட். எறும்பு உட்கார்ந்தால் கால் வெளியே தொங்கும், அவ்வளவுதான் அளவு. சித்தப்பா அதைக் கழற்றினார்.

"இது இல்லாம ஓடுமா?" என்றாள் கேள்விக்குறி.

"இதே வேலைக்குப் பக்கத்துல பத்து பேர் இருக்காங்க. ஒருத்தன் போனா தெரியாது."

லேப்டாப்பை மாட்டி பட்டனை அழுத்தினார். திரை வெளிச்சமானது. அக்காவின் படங்கள் பத்திரமாக இருந்தன.

சித்தப்பா கழற்றிய கெப்பாசிட்டரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "பழுப்பா கறை. காபி ஊத்தியிருக்கு. யாரு காபி குடிக்கிறது?"

கேள்விக்குறி குடிப்பது பால். அக்கா திடீரென்று மின்விசிறியை ரசித்தாள். "ஃபேன் நல்லா சுத்துது சித்தப்பா."

அப்போது அம்மாவின் போன் வந்தது. கேள்விக்குறிதான் எடுத்தாள்.

"சரியாச்சா? யார் தப்பு?"

அக்காவின் முகம் அந்தக் கெப்பாசிட்டர் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கேள்விக்குறி அதைப் பார்த்தாள்.

"நான் இல்லம்மா. கெப்பாசிட்டர்னு ஒருத்தன். கழட்டிப் போட்டாச்சு."

வீட்டுக்குத் திரும்பும்போது லேப்டாப் பையோடு கேள்விக்குறியின் பள்ளிப் பையையும் அக்காவே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கனமா இருக்காக்கா?"

"சேச்சே, இல்லவே இல்ல."

"அப்ப என்னையும் தூக்கு."

அக்கா மறுபேச்சு பேசாமல் தூக்கினாள். நாலு அடி தூரம்.