கீழறையில் அசைவில்லை

குசினியில் நாகேஸ்வரி மிளகாய் இடிக்கிறாள் என்றுதான் டொக்டர் ஆனந்தராஜா முதலில் நினைத்தார். ஐந்து இடி. சிறிய இடைவெளி. பிறகு இரண்டு. யூலை மாதத்து வியாழக்கிழமை பின்னேரம் அது. ஐந்தரை மணிக்கே மெல்பேண் இருட்டிவிட்டிருந்தது. எண்ணெய் ஹீற்றரின் மணமும் அடுப்பில் காயும் பாலின் மணமும் நடையில் கலந்து நின்றன. அந்த இடியில் ஏதோ ஒன்று குறைகிறதே என்று அவர் பேனையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். காப்புச் சத்தம் இல்லை. கலியாணமான பதினான்கு வருடங்களாக நாகேஸ்வரி எந்த வேலை செய்தாலும் கையிலுள்ள ஆறு பொன்காப்புகளும் கூடவே கிலுங்கும். அந்தக் கிலுக்கம் அவருக்கு எரிச்சல். ஆனால் அது இல்லாமல் அவள் ஒரு கரண்டிகூட எடுத்ததில்லை.

“இஞ்சாரும், அங்க என்ன இடிக்கிறீர்?”

“நான் ஒண்டும் இடிக்கேல்லையப்பா. பாலுக்குப் பக்கத்திலயெல்லோ நிக்கிறன். நீங்கள்தான் தட்டுறியளாக்கும் எண்டு நினைச்சன்.” பதில் சொல்லும்போது காப்புகள் கிலுங்கின.

அவர் சிரித்தார். பெண்களுக்கு நூறு சத்தம் கேட்கும், அதற்கெல்லாம் ஒரு பொறியியலாளன் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அப்படிச் சிரித்தபோதே அது மறுபடியும் வந்தது. ஐந்து, பிறகு இரண்டு. இந்த முறை காதுக்கு அல்ல, உள்ளங்காலுக்கு.

அந்த வீட்டின் தரைக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்பதுதான் அவருடைய பெருமை. இந்த ஊரில் பழைய வீடுகள் மரக்குற்றிகளின் மேல் நிற்பவை. அடியில் பூனை படுக்கும், எலி ஓடும், காற்றுப் புகும். கோழிக்கூடு என்பார். மெல்பேணின் ஓரத்தில் ரோவிலில் அந்த வருடம் தை மாதம் காணி வாங்கியதும் ஒரே பாளமாகக் கொங்கிறீற் போட்டு அதன் மேல் வீட்டை எழுப்பினார். பாளத்துக்குக் கீழே களிமண், அதற்குக் கீழே பாறை. தட்டுவதற்கு அங்கே ஓர் ஆள் நிற்க இடமில்லை. இதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த நாட்டில் பத்துப் பேர்கூட இல்லை.

ஏனென்றால் அவருடைய தொழிலே நிலத்துக்குக் கீழே போவதுதான். ஆழத்தில் அறை கட்டி ஒளித்திருப்பவர்களைத் தேடிப் போகும் குண்டு, எந்த மண்ணில் எவ்வளவு தூரம் இறங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது. அது நிலத்தைத் தொட்டவுடன் வெடிக்கக் கூடாது. துளைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், நிற்க வேண்டும், கொஞ்சம் பொறுக்க வேண்டும், அதன் பிறகுதான் வெடிக்க வேண்டும். அந்தப் பொறுமை எவ்வளவு என்று சொல்பவர் ஆனந்தராஜா. அவர் வேலை செய்த ஆயுத ஆய்வுகூடத்தில் காலைத் தேநீரோடு பிஸ்கற் கடித்துக்கொண்டு இதைப் பேசுவார்கள். கொல்வது என்ற சொல் யார் வாயிலும் வராது. ‘கீழறை’ என்பார்கள், ‘இலக்கு’ என்பார்கள். நல்ல படிப்புப் படித்த, நல்ல சப்பாத்துப் போட்ட, காலையில் ஒருவருக்கொருவர் கதவு திறந்துவிடுகிற மனிதர்கள். இவர்களில் ஒருவராக ஆவதற்குத்தான் ஆனந்தராஜா இரண்டு வருடமாகத் தற்காலிக வேலையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பெரிய அறிக்கை திங்கட்கிழமை காலை டைரக்டரின் மேசைக்குப் போக வேண்டும். போனால் வேலை நிரந்தரம், பிரிவுத் தலைவர் கதிரை.

அறிக்கையின் இதயம் ஒரு வரைகோடு. போன கார்த்திகை மாதம் பாலைவெளியில் நடந்த சோதனையின் கோடு. அங்கே நிலத்துக்குக் கீழே பன்னிரண்டு மீற்றரில் ஒரு கார்க்கொட்டில் அளவுக்குக் கொங்கிறீற் அறை கட்டினார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூடி போட்டு அடைத்தார்கள், சனியும் ஞாயிறும் மண் தள்ளி நிரப்பினார்கள், செவ்வாய்க்கிழமை விமானத்திலிருந்து ஓர் இரும்புக் குண்டைப் போட்டார்கள். உள்ளே வெடிமருந்து இல்லை, வெறும் மணல். அது பதினொன்றரை மீற்றர் இறங்கி, அறையின் கூரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. கீழறைக்குள் வைத்த கருவியின் நடுக்கத்தை, மேலே கொட்டிலில் ஒரு முள் கடுதாசிச் சுருளில் வரைந்தது. பெரிய மலை ஒன்று. பிறகு நேர்கோடு. அந்த நேர்கோட்டுக்குப் பிறகு வரும் மிச்சக் கடுதாசியை வால் என்பார்கள். அதைக் கத்தரியால் வெட்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் படத்தை அறிக்கையில் ஒட்டுவது வழக்கம்.

அன்று கொட்டிலில் அவரோடு இருந்தவன் சிறி. யாழ்ப்பாணத்து ஆள்தான், முப்பத்தைந்து வயதுக் கருவித் தொழிலாளி.

“சேர், வாலை ஒருக்காப் பாருங்கோ. எல்லாம் அடங்கின பிறகும் ஏதோ தட்டுது. அஞ்சு, பிறகு ரெண்டு. திரும்பவும் அஞ்சு.”

“வயர் ஆடியிருக்கும். வெட்டும்.”

“உள்ளுக்கு ஆராவது நிண்டால் சேர்?”

“ஆர் நிக்கிறது? எலியே? உமக்குக் கருவி துடைக்கத்தான் தெரியும், அதைச் செய்யும்.”

சிறி வெட்டவில்லை. ஆனந்தராஜாவே வெட்டினார். வெட்டியதன் கீழே, கீழறையில் அசைவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். தோண்டிப் பார்ப்பதென்றால் மூன்று மாதம் போகும், டைரக்டரின் முகம் கறுக்கும், யார் கேட்டது என்ற பேச்சு வரும். அறையைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் கொட்டிலில் ஒரு நீலச் சாப்பாட்டுப் பெட்டி ஒரு கிழமையாக ஆணியில் தொங்கியது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதன் சொந்தக்காரரான கொங்கிறீற் தொழிலாளியைக் காணோம். அந்த வகை ஆட்கள் சொல்லாமல் போய்விடுவார்கள் என்றார் டைரக்டர். அந்த வகை என்றால் எந்த வகை என்று யாரும் கேட்கவில்லை. சிறி மட்டும் மூன்றாம் நாள் வேலையை விட்டான், இப்போது ட்ராமில் டிக்கற் கிழிக்கிறான். ஆனந்தராஜா அதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ வீடுகளில் சிரித்திருக்கிறார்.

சனிக்கிழமை கூடத்திலிருந்து இரண்டு கருவிகளையும் முள் வரையும் பெட்டியையும் காரில் கொண்டுவந்தார். நாகேஸ்வரி கேட்டதற்கு, கூடத்து வேலை என்றார். ஒன்றைக் குசினித் தரையில் வைத்தார், மற்றதை வாசலில். தட்டல் இரண்டு கருவிக்கும் வந்து சேரும் நேரத்தைக் கொண்டு அது கிளம்பும் ஆழத்தைச் சொல்லிவிடலாம். அதைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதியவரே அவர்தான். முள் அசைந்தது. ஐந்து மேடு, இடைவெளி, இரண்டு மேடு. அவர் வெட்டிக் கூடையில் போட்ட வாலின் அதே கோடு, மேட்டுக்கு மேடு. அவர் கணக்குப் போட்டார். குசினிக்கு நேர் கீழே, பதினொன்றரை மீற்றர்.

பின்னேரம் மறுபடி போட்டார். ஆறு மீற்றர்.

குசினிக்குக் கீழே எது கிடக்கிறது என்பது அன்றிரவு கட்டிலில் படுத்திருக்கும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பாளம் போடுவதற்கு முன் அத்திவாரத்துக்கு நாட்கல் வைக்க வேண்டும், நல்ல நேரம் பார்த்து நவமணி போட வேண்டும் என்று நாகேஸ்வரி பிடிவாதம் பிடித்தாள். நவமணியும் நவதானியமும், இருபதாம் நூற்றாண்டில்! சரி, உமக்குக் கல்தானே வேண்டும் என்று கூடத்து அலுமாரியிலிருந்து ஒரு கொங்கிறீற் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். எந்தக் கொங்கிறீற் போட்டாலும் அதே கலவையில் பலம் பார்ப்பதற்கு நாலைந்து கட்டைகள் வார்த்து வைப்பார்கள். அது கீழறையின் மூடிக் கலவையில், அந்த வெள்ளிக்கிழமை வார்த்த கட்டை. நொறுக்கிப் பார்த்தது போக மிஞ்சியது. இதைவிடப் பலமான கல்லு இந்த நாட்டில இல்லை என்று சொல்லிச் சிரித்தார். அதன் ஒரு மூலையில், ஈரமாக இருந்தபோது வார்த்த ஆள் அழுத்திய பெருவிரல் அடையாளம் இருந்தது. நாகேஸ்வரி அந்த அடையாளத்தின் மேல்தான் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், ஒரு பூ வைத்தாள். ஒரு சடங்கைக் கேலி செய்ய வேண்டுமென்றால்கூட இந்தக் கெட்டிக்காரருக்கு வேறு கல் கிடைக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் மூன்று மீற்றர்.

அவர் சாப்பிடவில்லை. மேசையில் அறிக்கை திறந்து கிடந்தது. பக்கத்தில் கத்தரி, பசைப்போத்தல், வீட்டில் கேட்ட தட்டல்களை வரைந்த கடுதாசிச் சுருள். சுவரின் உள்ளே தண்ணீர்க் குழாய் தட்டலுக்குத் தட்டல் மெல்ல அதிர்ந்தது. அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகின. பெயின்ற் மணத்துக்குள் எங்கிருந்தோ ஈரச் சீமெந்தின் மணம் வந்தது, இப்போதுதான் குழைத்த சீமெந்தின் பச்சை மணம். அவருடைய குண்டு இறங்கிய வழியில் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. களிமண் தடுக்கவில்லை. பாறை தடுக்கவில்லை.

நாலரை மணி. முக்கால் மீற்றர்.

“இஞ்சாருங்கோ, இது கிட்ட வருதெல்லே?” நாகேஸ்வரி குசினி வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. “ஆராவது கீழ அம்பிட்டிட்டினமே? பொலிசுக்குச் சொல்லுவமே?”

“விசர்க்கதை கதையாதையும். போய்த் தேத்தண்ணியைப் போடும்.”

அவள் போனாள். காப்புகள் நடை முழுக்கக் கிலுங்கிக்கொண்டு போயின. அந்த எரிச்சலூட்டும் சத்தம் இப்போது அவருக்கு வேண்டியிருந்தது. அது போவதை, கேத்திலைத் தூக்குவதை, குழாயைத் திறப்பதைக் காதால் பிடித்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பயம். வாழ்க்கையில் முதல் தடவையாக, வெட்கமில்லாத பயம். டைரக்டருக்குச் சொல்லிவிட வேண்டும். வாலை வெட்டினேன், உள்ளே ஆள் இருந்தது, தோண்டுங்கள். கதிரை போகட்டும், பெயர் போகட்டும். தோண்டி எடுத்துவிட்டால் இது நின்றுவிடும். அவர் எழுந்தார். நடையில் இருந்த ரெலிபோனடிக்குப் போனார். கையை நீட்டினார்.

அது அடித்தது.

டைரக்டர்தான். கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டாராம், நாளையிலிருந்து ஆனந்தராஜாதான் பிரிவுத் தலைவராம். கன்பராவிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்களாம், முதலில் அவர்கள் பார்க்கப்போவது அந்தக் கோட்டைத்தானாம். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: கீழறைக் கோட்டில் நம்மைச் சங்கடப்படுத்துகிற மாதிரி எதுவும் இல்லையே?

காலடியில் தட்டல் நின்றுவிட்டது. அப்படியே நின்றது.

குசினியிலிருந்து நாகேஸ்வரி கூப்பிட்டாள். “இஞ்சாருங்கோ, ஒருக்கா ஓடி வாங்கோ. தரையில ஒரு பெருவிரல் அடையாளம் கிடக்கு. முந்தி இருக்கேல்லை. ஈரமாயும் கிடக்கு.”

அவர் அவள் பக்கம் பார்க்காமலே கையைக் காட்டி அடக்கினார். சத்தம் போடாதே என்பதுபோல. தட்டல்தான் நின்றுவிட்டதே. வயர் ஆடியிருக்கும். களிமண் குளிரில் சுருங்கியிருக்கும். எவ்வளவு சுலபமாக அந்தப் பழைய இளக்காரம் திரும்பி வந்தது. தொண்டையைச் செருமினார்.

“கீழறையில் அசைவில்லை, சேர்” என்றார், நல்ல ஆங்கிலத்தில்.

போனை வைத்தார். மேசைக்கு வந்தார். வீட்டுக் கடுதாசிச் சுருள் அங்கே கிடந்தது, மேடும் மேடுமாக. நாளைக்கு இதை யாராவது பார்த்தால்? கை தானாகவே கத்தரியை எடுத்தது. பழகிய கை. வெட்டினார்.

குசினியில் காப்புச் சத்தம் பாதியில் நின்றது.

“நாகேஸ்?”

பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகும் மணம்.

“நாகேஸ், பால் பொங்குது.”

அவர் போனார். பத்து அடிதான். விளக்கு எரிந்தது. பின் கதவு உள்ளுக்குப் பூட்டியிருந்தது. ஜன்னல் பூட்டியிருந்தது. தரையில் அவளுடைய இரண்டு செருப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, கழற்றி வைத்ததுபோல அல்ல, நின்ற இடத்தில் நின்றதுபோல. தரையில் வெடிப்பில்லை. கீறலில்லை. நகம் போகக்கூட இடமில்லை. செருப்புகளுக்கு முன்னால், கெட்டியான கொங்கிறீற்றில், ஒரு பெருவிரல் அடையாளம். பக்கத்தில் இன்னொன்று. சிறியது. குங்குமத்தோடு.

அவர் முழங்காலில் விழுந்தார். உள்ளங்கையால் தரையைத் தடவினார். குளிர். வழுவழுப்பு. நல்ல பாளம். அவரே பக்கத்தில் நின்று போடுவித்த பாளம்.

கருவிப் பெட்டியில் முள் அசைந்தது. அவர் பார்க்க விரும்பவில்லை, ஆனாலும் கண் போனது; கண் போனதும் மூளை கணக்குப் போட்டது, பழக்கத்தில். பதினொன்றரை மீற்றர்.

ஐந்து.

இடைவெளி.

இரண்டு. வெகு ஆழத்திலிருந்து, ஒவ்வொரு தட்டலோடும் கூடவே, ஆறு பொன்காப்புகள் கிலுங்கின.