பூட்டிக் கிடந்த சிரிப்பு

ஸ்டூடியோவின் ஷட்டரை யாரோ உடைத்தே விடுவது போலத் தட்டினார்கள்.

அவள் ஓடிப்போய்த் தூக்கினாள். வெளியே கொட்டுகிற மழை. அதில் தொப்பலாக நனைந்து ஒருவன்... கண்ணில் மட்டும் நெருப்பு.

"போட்டோகிராபர் எங்கங்க? இதோ தர்றேன், அதோ தர்றேன்னுட்டு இப்ப போனையே ஆஃப் பண்ணி வச்சா என்ன அர்த்தம்?"

"செத்துப்போயிட்டார்னு அர்த்தம்."

மொட்டையாகச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே உறைத்தது. அவன் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்துபோயிற்று.

"மன்னிச்சிருங்க... எனக்குத் தெரியாது. நீங்க?"

"தங்கச்சி."

திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் போகவில்லை. வாசலிலேயே நின்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அவன் அக்கா கல்யாணத்துக்கு அவள் அண்ணன்தான் படம் எடுத்திருந்தான். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அவன் அம்மாவை, அன்று எப்படியோ சிரிக்க வைத்து எடுத்துவிட்டான். இப்போது அம்மா இல்லை. அம்மா சிரிக்கிற படம் வேறு எங்கேயும் இல்லை.

"உள்ள வாங்க," என்றாள். "ஆனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாம் பூட்டிக் கிடக்கு."

அண்ணனின் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டபடி நின்றது. அண்ணி பெயர், கல்யாண நாள், பழைய போன் நம்பர்... எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை தவறினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது.

"ஏன் இப்படிக் கண்ணைச் சுருக்கிப் படிக்கிறீங்க?"

"பழக்கம்."

"பழக்கம் இல்லைங்க, பவர். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்."

"நான் அச்சகத்துல பிழை திருத்துறவ. என் கண்ணுல எந்தத் தப்பும் தப்பாது."

"அப்ப நான் சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கறதை ஏன் சொல்லல?"

பார்த்தாள். நிஜமாகவே மாற்றித்தான் போட்டிருந்தான். சிரித்துவிட்டாள்... அண்ணன் போன பிறகு முதல் சிரிப்பு. உடனே, சிரித்துவிட்டோமே என்று குற்றவுணர்வு. அந்த வேகத்தில், அண்ணன் தன்னைச் செல்லமாகக் கூப்பிடும் பெயரைத் தட்டினாள். 'குட்டிப்பிசாசு.' இதுவாகத்தான் இருக்கும்... இல்லையென்றால்? என்டர் மேல் விரலைக் கொண்டுபோனாள்.

அவன் கை சட்டென்று கீபோர்டின் மேல் வந்து மறைத்தது.

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது..."

"அப்ப வேண்டாம். தப்பாப் போனா எங்கம்மா மட்டுமில்ல, உங்க அண்ணனும் சேர்ந்து போயிடுவார்."

இவ்வளவு வேண்டியிருந்தும் வேண்டாம் என்கிறானே... அவள் அவனை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். இமையில் இன்னும் ஒரு மழைத்துளி நின்றது.

விசாரித்ததில் ஒரு வழி தெரிந்தது. அண்ணன் எடுத்த படங்களின் நகல் இணையக் கணக்கிலும் இருந்தது. இறப்புச் சான்றிதழோடு மனைவி கையெழுத்துப் போட்டுக் கேட்டால், அந்தக் கம்பெனி பரிசீலித்து எடுத்துக் கொடுக்குமாம்.

அவனையும் வீட்டுக்கு அழைத்துப் போய்க் கேட்டாள். அண்ணி மாட்டேன் என்றாள்.

"அவர் பூட்டி வச்சதை நான் திறக்க மாட்டேன்."

"அண்ணி, ப்ளீஸ்..."

"உனக்கு என்னடி தெரியும்? அன்னிக்குக் காலையில எங்களுக்குச் சண்டை. முகங்கொடுத்துக்கூடப் பேசல. அப்படியே போயிட்டார்." அண்ணியின் குரல் உடைந்தது. "என்னைப் பத்தி உள்ள என்ன எழுதி வச்சிருக்காரோ... யாருக்கு என்ன அனுப்பினாரோ... தாங்க மாட்டேன்டி."

அவன் எழுந்துகொண்டான். "விடுங்கக்கா. உங்களை அழ வச்சு எனக்கு ஒண்ணும் வேண்டாம்." வாசல்வரை போய்த் திரும்பினான். "ஆனா எங்கம்மாவும் நானும் கடைசியாப் பேசினதும் சண்டைதான். அதனாலதான் அந்தச் சிரிப்பைத் தேடி அலையறேன்."

போய்விட்டான். இனி வரமாட்டான் என்று அவளுக்குப் பகீரென்றது. அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பேனா எங்க இருக்கு?" என்றாள்.

அதன்பின் காத்திருப்பு. அவள் சேதி சொல்லியனுப்ப, அவன் மறுபடி வந்தான். "ஏதாவது பதில்?" என்று கேட்க வருவான்... ஒரு காபி குடித்துவிட்டு, கேட்காமலே போய்விடுவான். கம்பெனி மறுத்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். கொடுத்துவிடுமோ என்றும் பயம்.

பதில் வந்தது. படங்கள் எல்லாம் பத்திரமாக இறங்கின. அண்ணி அவற்றைப் பார்த்தாள். கடிதமும் இல்லை, குறையும் இல்லை... அவளுக்கே தெரியாமல் அண்ணன் எடுத்த அவள் படங்கள்தான். தலை துவட்டுகையில், தூங்குகையில், அவனைத் திட்டுகையில்கூட. அண்ணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவள் அவனுக்குச் சொல்லப் போனை எடுத்தாள். வைத்தாள்.

மறுநாள் அவனே வந்தான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். கேமராவைத் தள்ளிவிடக் கையை நீட்டியபடி, பல் தெரிய, கண் மூடிச் சிரிக்கும் ஓர் அம்மா.

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"எப்ப வந்துச்சு?"

"நேத்தே..."

"நேத்தா? ஏன் சொல்லல?"

பொய் சொல்லியிருக்கலாம். நெட் கிடைக்கவில்லை, அண்ணிக்கு உடம்பு சரியில்லை... எதுவும் வாயில் வரவில்லை.

"சொன்னா... வாங்கிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் வரமாட்டீங்க." தலையைக் குனிந்துகொண்டாள். "உங்கம்மாவை ஒரு நாள் ஒளிச்சு வச்சுட்டேன். தப்புதான். கோபப்படுங்க. ஆனா... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். ஐயோ, கெடுத்துக்கொண்டோமே...

"கோபம்தான்," என்றான் கடைசியில். "நேத்தே கூப்பிட்டிருந்தா, பிடிச்சிருக்குன்னு நீங்க சொல்றதையும் நேத்தே கேட்டிருப்பேன்ல?"

அவள் நிமிர்ந்தாள். அவன் கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"எனக்கும் பிடிச்சிருக்குங்க... ரொம்ப."