பஞ்சு ரூம்

பாடி நிறுத்திய பிறகும் குரல் நிற்கவில்லை.

அரை நொடிதான் இருக்கும். வேறு எந்த அறையாக இருந்தாலும் அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். குளியலறையில் பாடினால் இரண்டு நொடிகூட நிற்கும். ஆனால் இது பஞ்சு ரூம். பல்கலைக்கழக இசைத் துறையின் அடித்தளத்தில், எதிரொலி என்பதே இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய ஆய்வு அறை. நாலு சுவரிலும் கூரையிலும் முழங்கை நீளத்துக்குப் பழுப்புப் பஞ்சு ஆப்பு ஆப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும். கீழேயும் பஞ்சுதான், அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கம்பி வலையில்தான் நடக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டால், வாயைவிட்டு வெளியே வரும் சத்தத்தைப் பஞ்சு அப்படியே விழுங்கிவிடும். கைதட்டினால் தட்டிய மாதிரியே இருக்காது. கொஞ்ச நேரத்தில் காது அடைத்துப்போய், கழுத்து நரம்பு துடிப்பதுகூடக் கேட்க ஆரம்பிக்கும். பழைய பஞ்சும் சூடான வயரும் கலந்த ஒரு வாடை தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அங்கேதான், மத்தியானம் இரண்டரை மணிக்கு, அவள் நிறுத்திவிட்ட "ஆ" இன்னும் அரை நொடி நின்றுவிட்டு அடங்கியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பஞ்சு. மேலே ஒரு பல்பு. மூலையில் கேமராவின் சிவப்புப் பொட்டு.

"அண்ணா, ஸ்பீக்கர்ல ஏதாவது போட்டீங்களா?" என்று மைக்கில் கேட்டாள்.

வெளியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த லேப் அண்ணன், பதில் சொல்வதே பெரிய உபகாரம் என்பதுபோல் கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தானை அமுக்கினார். "நான் எதையும் தொடலையே."

அவள் ஏழு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவள். முப்பத்து நாலு வயதில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி படிக்க வந்தாள். தன் குரல் அறையில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்காமல் பாடினால், பாடுகிறவருக்குச் சுருதி எந்தப் பக்கம் நழுவுகிறது என்பதுதான் அவள் ஆய்வு. முதல் சோதனை தன் குரலிலேயே. ஒவ்வொரு சுரத்தையும் இருபது நொடி பிடித்து நிறுத்த வேண்டும். கம்ப்யூட்டர் அதைக் கோடாகப் போட்டுக் காட்டும்.

வெளியே வந்து திரையைப் பார்த்தாள். இருபது நொடிக்கு அவளுடைய கோடு, போகப் போகக் கீழே சரிந்திருந்தது. முடிந்த இடத்துக்கு அப்பால் அரை நொடி நீளத்தில் ஒரு துண்டு. அது மட்டும் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தது.

லேப் அண்ணன் அதை உற்றுப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார்: "ரூம்ல கோளாறுன்னு மேடம்கிட்ட போய் வத்தி வைக்காதீங்க. நீங்க படிச்சு முடிச்சிட்டுப் போயிடுவீங்க. நான் இங்கதான் குப்பை கொட்டணும்."

மேடம் என்பது அவளுடைய வழிகாட்டி. துறையில் இருபது வருஷமாகக் கொடி கட்டிப் பறக்கிற பேராசிரியை. மாணவர்களைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டும் வழக்கம் அவரிடம் கிடையாது. வாரக் கூட்டத்தில், எல்லாரையும் வைத்துக்கொண்டுதான். அந்த வாரம் அவளுடைய ரெக்கார்டிங்கை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பேனாவால் மேசையைத் தட்டினார்.

"எத்தனை வருஷம் பாட்டு சொல்லிக்கொடுத்த?"

"ஏழு வருஷம் மேடம்."

"அந்தப் பிள்ளைங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் இந்த வாரம் தங்கள் தலை தப்பியது என்று நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் கையை உயர்த்தி, கடைசித் துண்டை மறுபடி ஓட்டினார். அவர் முகம் மெல்ல இளகியது. அந்த முகத்தை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"இது யாரு? இதுவும் நீதானா? இந்த அரை நொடி எவ்வளவு சுத்தமா இருக்கு."

"மேடம், அது நான் பாடினது இல்ல. நான் நிறுத்தின அப்புறம்..."

"மூணு வாரத்துல ஆய்வுக் குழு வருது. இப்படிப் பாடற ஆள் இருந்தா என் பக்கத்துல உட்காரட்டும். இல்லன்னா வேற இடம் பார்த்துக்கட்டும்."

அவள் மறுநாளே பஞ்சு ரூமைச் சோதித்தாள். பலூனை உடைத்துப் பார்த்தாள். இரும்பு ஸ்பேனரைத் தட்டிப் பார்த்தாள். ஸ்பீக்கரில் வேறொரு பாடகியின் குரலைப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றையும் பஞ்சு விழுங்கியது, ஒன்றும் திரும்பவில்லை. பிறகு தானே பாடினாள். நிறுத்தினாள்.

அது இரண்டு நொடி நின்றது.

எதிரொலி என்றால் தேய்ந்து தேய்ந்து போகும். இது தேயவில்லை. அவள் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு மயிரிழை மேலே ஏறி, அவள் தவறவிட்ட சுருதியைத் தொட்டு, அங்கே நின்று, ஒருவர் வாயை மூடிக்கொள்வதுபோல் நின்றுபோனது. முடியும்போது உதடு சேரும் அந்தச் சின்னச் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது.

அடுத்த வாரம் ஐந்து நொடி. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக் கவனித்தாள். சுவரிலிருந்து இல்லை, கூரையிலிருந்தும் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால், அவள் வாய் இருக்கும் அதே உயரத்தில், ஒரு கை தூரத்தில்.

வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் டிக்கெட் கேட்டபோது கண்டக்டர், "என்னது?" என்றார். மறுபடி சொன்னாள். அவர் குனிந்து அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா போன் செய்தாள். வேலையை விட்டதிலிருந்து அக்காவுக்குப் போன் என்றாலே ஒரு பாட்டம் திட்டு.

"யாருங்க பேசறது?"

"நான்தான்க்கா."

"நீங்க யாரு? சின்னு எங்க? போனை அவகிட்ட குடுங்க."

சின்னு என்பது வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர். "நான்தான்" என்று கத்தினாள். கத்தல் தொண்டைக்குள்ளேயே காற்றாகப் போனது. அக்கா இரண்டு தடவை "ஹலோ" என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "வீக்கம் இல்ல, கட்டி இல்ல. எல்லாம் நல்லாத்தான் அசையுது. சத்தம் மட்டும் ஏன் வரமாட்டேங்குதுன்னு எனக்கே தெரியல" என்று சொல்லிவிட்டு, எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். ஒரு வாரம் பேசாமல் இருக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை மேடத்தின் மேசையில் வைத்தாள். மேடம் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. "குழு வர்ற நேரம் பார்த்துத்தான் எல்லாருக்கும் தொண்டை கட்டும். நாளைக்கு மூணு மணிக்கு ரூம்ல நிக்கற. இல்லன்னா உன் ஆராய்ச்சிப் பதிவை ரத்து பண்ணச் சொல்லி நானே எழுதிடறேன்."

அன்றிரவு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். போவாள். ஆனால் பாட மாட்டாள். கேமரா இருக்கிறது, குழுவினர் மூன்று பேர் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் வாயை மூடிக்கொண்டு நிற்கும்போது குரல் கேட்டால், அது யாருடையது என்று அவர்களே பேசிக்கொள்ளட்டும். அதை ஒரு தாளில் எழுதி, மறுநாள் லேப் அண்ணனிடம் நீட்டினாள். அவர் படித்தார். இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உள்ள போங்க" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலே கதவைத் திறந்துவிட்டார்.

உள்கதவு மூடியது. பிறகு வெளிக்கதவு. காது அடைத்தது. கழுத்து நரம்பு துடித்தது.

"ஆரம்பிக்கலாம்" என்றது ஸ்பீக்கரில் மேடத்தின் குரல்.

அவள் கேமராவை நேராகப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். தெளிவாகத் தெரியட்டும் என்று தலையை நிமிர்த்தினாள்.

ஒன்றுமில்லை. பத்து நொடி. பஞ்சு வாடை. பல்பின் மெல்லிய ரீங்காரம்.

பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பாடகர் இழுக்கும் மூச்சு. வயிறுவரை போகும் மூச்சு. அவளுக்குத் தெரிந்த மூச்சு.

குரல் எழுந்தது. இருபது நொடி. கோடு போட்டதுபோல். அடுத்த சுரம். இருபது நொடி. அவள் விரல்களுக்குக் கீழே உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. பிடரியில் மட்டும் சூடாகக் காற்று பட்டது.

"வாயை இப்பத்தான் ஒழுங்கா திறக்கற" என்றார் மேடம்.

அவள் கைகள் இன்னும் வாயின்மேல்தான் இருந்தன.

"முகத்துலயும் ஒரு களை வந்திருக்கு. கேமராவைப் பார்த்தே பாடு. அப்படித்தான்."

அவள் கையை எடுத்தாள். கேமராவை நோக்கி ஆட்டினாள். நான் இல்லை, நான் பாடவில்லை என்று கத்தினாள். வாய் திறந்தது. தொண்டை வலித்தது. சத்தம் இல்லை. காற்றுகூட இல்லை.

"நன்றி மேடம்" என்றது பின்னாலிருந்து அவள் குரல். பணிவாக. தெளிவாக. "இன்னொண்ணு பாடட்டுமா?"

"போதும்மா. வெளிய வா. குழு உன்கிட்ட பேசணுமாம்."

அம்மா. மேடம் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் கதவை நோக்கி ஓடினாள். கால் அசைந்தது, தூரம் குறையவில்லை. கதவு திறந்தது. லேப் அண்ணன் வாசலில் நின்றார். அவளைத் தாண்டி ஒரு பெண் நடந்து போனாள். சாம்பல் நிற ஸ்வெட்டர். காலையில் கண்ணாடி முன்னால் நின்று இவள் குத்திய அதே கிளிப், அதே சாய்வில். தன் முதுகைத் தானே யாரும் பார்ப்பதில்லை. அவள் பார்த்தாள்.

அந்தப் பெண் வெளியே போக லேப் அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து, நிம்மதியாகச் சிரித்தார். பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் கண் இவள் நின்ற இடத்தைக் கடந்து போனது. பஞ்சைப் பார்த்தது. மைக்கைப் பார்த்தது. காலி அறையைப் பார்க்கிற பார்வை.

அவர் விளக்கை அணைத்தார்.

உள்கதவு. வெளிக்கதவு.

ஸ்பீக்கரை யாரும் இன்னும் அணைக்கவில்லை. வெளியே குழுவினர் ஏதோ கேட்டார்கள். அவள் குரல் பதில் சொன்னது, தயங்காமல். யாரோ சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். பிறகு ஒரு சொடுக்கு. அதுவும் போனது.

இருட்டு. தன் நரம்பு துடிப்பதும் கேட்கவில்லை. அவள் அசையாமல் நின்றாள்.

காலுக்குக் கீழே வலை மெல்லத் தாழ்ந்தது. அவள் அடி எடுத்து வைக்கவில்லை.

இடது பக்கம் ஒரு பாரம். அவளைப்போலவே குரல் இழந்த ஒன்று சத்தமில்லாமல் ஏறி, பக்கத்தில் வந்து நின்றது. பிறகு வலது பக்கம் இன்னொன்று. பிறகு பின்னால், ஒன்றன்பின் ஒன்றாக, அவள் எண்ண முடியாத அளவுக்கு வலை தாழ்ந்துகொண்டே வந்தது. குளிர்ந்த விரல்கள் அவள் கன்னத்தைத் தடவி, உதட்டைக் கண்டுபிடித்து, அது திறந்திருக்கிறதா என்று பார்த்தன.