சந்தனத்துக்கு இன்னும் வேர்க்கிறது

தங்கச்சிமடத்தில் ரயிலை விட்டு இறங்கும்போதே புஷ்பமேரிக்குக் கால் கடுத்தது. இராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். இரவெல்லாம் வார்டில் விழித்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். அக்கா சந்தனம் காய்ச்சலில் போய் ஒரு மாதம் ஆகிறது. தகப்பனை முன்பே கடலுக்குக் கொடுத்துவிட்ட அக்கா மகள்கள் இருவரையும் தன்னோடு அழைத்துப்போக வேண்டும்.

பனங்காட்டை ஒட்டிய ஓட்டு வீடு. உச்சி வெயில். மூத்தவள் பிரகாசி கதவைத் திறந்தாள். பதினேழு வயதுக்காரியின் கண்கள் குழி விழுந்திருந்தன. சின்னவள் சலேத்து சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

“ராத்திரி தூங்கலையா புள்ள?”

“எங்கிட்டுத் தூங்க, சித்தி? அம்மாவுக்கு விசிறணும்ல. மாத்தி மாத்தி வீசுறோம். நிப்பாட்டினா முனங்குது.”

துக்கம் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டாள். இருவருக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்துப் பாயை விரித்தாள்.

“படுங்க. நான் வீசுறேன்.”

உள்ளறையில் வெறும் கயிற்றுக் கட்டில். கழுவி மெழுகிய அறைதான். ஆனாலும் வேர்வையும் கஷாயமும் கலந்த நெடி போகவில்லை. சொன்ன வார்த்தைக்காகச் சும்மா விசிறினாள். கை சோர்ந்தது. நிறுத்தினாள்.

கட்டில் கயிறு முறுகியது.

யாரோ புரண்டு படுப்பதுபோல.

“மேரி... வேக்குதுடி...”

கையை நீட்டிக் கயிற்றைத் தொட்டாள்.

சுட்டது. நனைந்திருந்தது.

ஓடத்தான் கால் எழுந்தது. கூடத்தில் பிரகாசி அயர்ந்து கிடந்தாள். அந்தத் தூக்கத்திலும் அவள் கை மட்டும் மேலும் கீழும் அசைந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்த பிறகு ஓட மனம் வரவில்லை. துணியை நனைத்துத் தலைமாட்டில் போட்டாள். வார்டில் நோயாளிகளிடம் பேசும் குரல் தானாக வந்தது.

“அக்கா, காய்ச்சல் விட்டிருச்சு. நீ தூங்கு. பிள்ளைகளும் தூங்கட்டும். நான் கூட்டிட்டுப் போறேன்.”

மறுபடி விசிறியை எடுத்து வீசினாள்.

பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. கயிறு தளர்ந்தது. சூடும் இறங்கியது.

சாயங்காலம் பிரகாசி திடுக்கிட்டு எழுந்தாள். “அம்மா?”

“தூங்கிருச்சு.”

அம்மா செத்த அன்றுகூட அழாத பெண் அப்போதுதான் உடைந்து அழுதாள். “நாங்க போயிட்டா யாரு சித்தி வீசுவா?”

“நினைப்பு வந்தா இப்படி அழுதுரு. ஆனா சாப்பிடு, தூங்கு, பள்ளிக்கூடம் போ. அதுக்கு மேல உன்னால ஆகாது புள்ள. யாராலயும் ஆகாது.”

மறுநாள் ரயில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்தது. கடல் காற்று ஜன்னல் வழியே அறைந்தது. புஷ்பமேரியின் முந்தானை பறந்தது, பிரகாசியின் பின்னல் அவிழ்ந்தது. சலேத்து மட்டும் ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கினாள்.

அவள் நெற்றி முடி அசையவே இல்லை.

உள்ளங்கை ஒன்று வைத்து அழுத்தியதுபோல் படிந்து கிடந்தது. புஷ்பமேரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த முடிக்கற்றை மெல்ல விலகிக் காதுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது.