நாலு என்று சொன்னவள்

அந்த மருத்துவமனை அவளுக்கு ஏழாவது. பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத நடைபாதையின் கடைசியில் இருந்தது பரிசோதனை அறை. காலை பதினொரு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. மருந்து வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் அடித்தது. ஈரத்தில் கிடந்த இரும்பின் வாடை.

அவள் பேருந்து ஓட்டுகிறவள். பணிமனையில் எல்லோருக்கும் டிரைவரம்மா. ஆறு வருடமாக அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு நடுவில், ஒரு வலி. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் யாரோ உள்ளே கைவிட்டுப் பிடித்துத் திருகுவார்கள். ஸ்கேன், ரத்தம், சிறுநீர் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாத் தாள்களும் ஒரே பல்லவியைத்தான் பாடின: இயல்பாக உள்ளது. கூடப் பிறந்த அக்காவே, மனதை வேறு எதிலாவது திருப்பு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இன்றைக்கும் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டால் பணிமனை அவளை மனநல மருத்துவரிடம் அனுப்பும். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். வலி மட்டும் அவளை விட்டுப் போகாது.

இந்த ஆறு வருடத்தில் அவள் ஒரு சூட்சுமம் கற்றிருந்தாள். வலிக்குப் பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்வார்கள். முதல் மருத்துவமனையில் ஒன்பது என்று உண்மையைச் சொன்னாள். நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒன்பதா என்று சிரித்துவிட்டு, தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் சொல்வது நாலுதான். நாலு மரியாதையான எண். நடிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவசரப்படவும் மாட்டார்கள், அது வேறு விஷயம்.

கட்டிலில் படுக்க வைத்த நர்ஸ், கதவை ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"இந்த ரூம்ல குறைச்சுச் சொல்லாதீங்கம்மா. போன வருஷம் ஒருத்தங்க இதே கட்டில்ல நாலுன்னு சொன்னாங்க. வீட்டுக்கு அனுப்பிட்டோம். வாசலத் தாண்டல. வயித்துக்குள்ளயே ஏதோ வெடிச்சு, படியெல்லாம் ரத்தம்..."

மருத்துவர் உள்ளே வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் கோப்பைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே அடிவயிற்றில் நாலு விரலை வைத்து அழுத்தினார். அவளுக்குக் கண் இருட்டியது. உதட்டைக் கடித்ததில் ரத்தம் உப்புக் கரித்தது. எவ்வளவு வலி என்று கேட்டார்.

"நாலு," என்றாள்.

"ஒன்பது," என்றது ஒரு குரல்.

துணித் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

நர்ஸ் திரையை இழுத்தாள். வெறும் சுவர். மருத்துவர் எரிச்சலோடு பேனாவைத் திறந்தார்.

"எல்லாம் நினைப்புதாம்மா. உடம்புல ஒண்ணுமில்ல."

எழுதி முடிக்கவில்லை.

விளக்கு அணைந்தது. கதவின் கண்ணாடி வழியாக வந்த மங்கல் வெளிச்சத்தில் அவர் உடம்பு இரண்டாக மடிவது தெரிந்தது. இடுப்பைப் பிடித்து யாரோ தூக்கினார்கள். சுவரில் ஓங்கி அடித்தார்கள். மறுபடி அடித்தார்கள். கண்ணாடி அலமாரி நொறுங்கி அவர்மேல் விழுந்தது.

வெள்ளைக் கோட்டின் மேல், அடிவயிற்றில், ஐந்து பள்ளங்கள் விழுந்தன.

பள்ளங்கள் ஆழமாகிக்கொண்டே போயின.

"எவ்வளவு?" என்றது குரல்.

"பத்து... ஐயோ, பத்து!"

"நடந்துதானே வந்தீங்க?"

குரலில் கோபமே இல்லை. ஆஸ்பத்திரிக் குரல், அத்தனை பணிவு. பிடித்த பிடி திரும்பியது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி அவர் இடுப்பு ஒரு பக்கமும் நெஞ்சு ஒரு பக்கமும் முறுக்கிக்கொண்டன. எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. வாயிலிருந்து கொட்டிய ரத்தம் கோப்பின் மேல் தெறித்தது. நர்ஸ் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவரம்மா பயத்தில் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மறைப்பானேன், அந்தப் பயத்துக்கு நடுவில் அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. ஆறு வருடத்தில் முதல் முறையாக இன்னொருவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது. அப்படி நினைத்ததற்காக அடுத்த நொடியே வெட்கப்பட்டாள்.

இரும்பு வாடை அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

"உனக்கு?"

"ஒன்பது," என்றாள். அழுகை பீறிட்டது. "ஆறு வருஷமா ஒன்பது. அவர விட்டுடு."

கீழே பொத்தென்று உடம்பு விழுந்தது. விளக்கு எரிந்தது.

மருத்துவருக்கு வலிப்பு வந்து அலமாரியில் மோதிவிட்டார் என்று மேலதிகாரிகள் முடிவு செய்தார்கள். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் எப்படி உடைந்தது என்று யாரும் கேட்கவில்லை. நர்ஸ் மட்டும் புதிய தாள் எடுத்து, ஒன்பது என்று எழுதி, அவளை மேல்தளத்துப் பெண் அறுவை மருத்துவரிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

மூன்றாம் நாள் தொப்புள் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். கண் விழித்தபோது அறுவை மருத்துவர் பக்கத்தில் நின்றார். கருப்பையின் உள்தோல் போன்ற திசு வெளியே வளர்ந்து, குடலையும் சினைப்பையையும் ஒட்ட வைத்திருந்ததாம். சாதாரண ஸ்கேனில் அகப்படாதாம். முடிந்த அளவு வெட்டி எடுத்தாயிற்று, இனி தொடர்ந்து மருந்து உண்டு என்றார். நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கேட்டு அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா அவள் தலையைக் கட்டிக்கொண்டு, "நம்பாமப் போயிட்டேனேடி," என்று அழுதாள்.

அறுவை மருத்துவர் தயங்கினார். அக்கா முகம் கழுவப் போனதும் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றி, கன்றிக் கறுத்த ஐந்து விரல் தடங்கள்.

"மேலோட்டமாப் பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு மூடப் போனேன். யாரோ என் கையப் பிடிச்சாங்க. குடலுக்குப் பின்னாடி பாக்குற வரைக்கும் விடல. ஆபரேஷன் தியேட்டர்ல என் கைக்கு எட்டுற தூரத்துல யாரும் இல்ல."

சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் சட்டைக் கையை இறக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அங்கே ஒரு சின்னப் பெண் முழங்காலை நெஞ்சோடு அணைத்துச் சுருண்டு கிடந்தாள். கோப்பில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"பரவாயில்ல டாக்டர். தாங்கிக்கலாம்."

வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். இத்தனை வருடத்துக் கைப்பழக்கம். அவர் புன்னகைத்தார், வீட்டுக்குப் போகலாம் என்றார், கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

பேனா கீழே விழுந்தது. அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கமாக வளைந்தன. முதல் எலும்பு முறிந்த சத்தம் டிரைவரம்மாவின் கட்டில்வரை கேட்டது.