அறுநூற்று நாற்பதாம் பக்கம்

புதிய கணினிப் பராமரிப்பாளர் அந்தப் பழைய கட்டடத்தின் படிகளில் ஏறிய திங்கட்கிழமைக் காலையில், அச்சமூட்டுவதாக அங்கே எதுவும் இல்லை. துடைத்த தரையின் ஈரமும் காகிதப் புழுக்கமும் கலந்த மணமே அவரை வரவேற்றது. மூன்று தளங்கள், நாற்பத்தொரு கணினிகள். அவருக்கு முன்பிருந்தவர் மேசை மேசையாக நடந்து, ஒவ்வொரு கணினியிலும் வெளி நிறுவனங்களின் மென்பொருள்களைக் கையாலேயே புதுப்பித்து வந்தார். இவரோ, இருந்த இடத்திலிருந்தே அனைத்தும் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்ய வந்தவர். வெள்ளிக்கிழமை காலைக்குள் நாற்பத்தொன்றும் முடிந்திருந்தால் வேலை நிரந்தரம். ஒன்று குறைந்தாலும் வேறு ஆள் என்று மேலாளர் கூறியிருந்தார்.

இழுப்பறையைப் பூட்டியபின் அதை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அதனால், மதிய இடைவேளைக்குள்ளாகவே அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது.

"பூட்டு சார், உங்க நிழலையும் ஒருதடவை இழுத்துப் பாத்துக்குங்க. யாராவது கழட்டிட்டுப் போயிருக்கப் போறாங்க" என்று தபால் பிரிவுக்காரர் சீண்டினார்.

பூட்டு சிரிக்கவில்லை. அவர் கண்கள் திரையில் இருந்தன. நாற்பது கணினிகளுக்கு எதிரே பச்சை. பதினேழாம் எண்ணுக்கு எதிரே மட்டும் சிவப்பு. 'கோப்பு படிக்கும் மென்பொருள் பயன்பாட்டில் உள்ளது. புதுப்பிக்க இயலவில்லை.'

பதினேழாம் கணினி முதல் தளத்துக் கோப்பறையில் இருந்தது. அதன் முன்னே யாரும் இல்லை. நாற்காலி மட்டும், சிறுவர்களுக்குப் போலத் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. திரையில், படியெடுத்த பழங்கோப்பு ஒன்று திறந்திருந்தது: பக்கம் 550, மொத்தம் 640. அறையின் மறுகோடியில் கோப்பறை அக்கா கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க யாரு உக்காருவாங்க?"

"பொடியர் தம்பி. ஆள் குள்ளம், அதான் அந்தப் பேரு. ஸ்கேன் பண்ண கோப்பையெல்லாம் பக்கம் பக்கமா சரிபாப்பாரு. தவறிப் போய் ஒரு மாசம் ஆச்சு."

"அப்புறம் இது ஏன் திறந்து கிடக்கு?"

அக்கா கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். "இருந்துட்டுப் போகட்டுமே. இது ஒண்ணை மட்டும் விதிவிலக்குன்னு போட்டு விட்டுருங்க."

விதிவிலக்குப் பட்டியலை வெறுமையாக வைத்திருப்பதே பூட்டின் பெருமை. தம்மை வேலையில் நிலைக்கவிடாமல் செய்ய இந்த அம்மாள் ஏதோ உள்வேலை பார்க்கிறார் என்று அக்கணமே அவருக்குத் தோன்றியது. கையும் களவுமாகப் பிடிக்க எண்ணி, திரையை அப்படியே விட்டார். நாற்காலியை மட்டும் முழு உயரத்திற்கு ஏற்றினார்.

செவ்வாய்க்கிழமை காலை: பக்கம் 568. நாற்காலி தாழ்ந்திருந்தது.

புதன்கிழமை காலை: பக்கம் 586. நாற்காலி மறுபடியும் தாழ்ந்திருந்தது.

அன்று மாலை அவரே கோப்பறையைப் பூட்டினார். மூன்று முறை இழுத்துப் பார்த்தார். கதவிடுக்கின் குறுக்கே காகிதம் ஒட்டி, அதன்மேல் கையெழுத்திட்டார். சாவியைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டிற்குச் சென்றார்.

வியாழக்கிழமை காலையில் காகிதம் கிழியாமல் இருந்தது. கதவைத் திறந்தபோது தலைவலித் தைலத்தின் மணம் முகத்தில் மோதியது.

பக்கம் 604.

அவர் குனிந்து, தாழ்ந்திருந்த நாற்காலியின் மீது உள்ளங்கையை வைத்தார்.

சூடாக இருந்தது.

"ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பக்கம்" என்று பின்னாலிருந்து அக்கா கிசுகிசுத்தார். "உயிரோட இருந்தப்பவும் அவ்வளவுதான் பாப்பாரு. சனிக்கிழமை விடியறப்போ முடிஞ்சிரும். முடிச்சா எழுந்து போயிருவாரு. ரெண்டே நாள் பொறுங்க தம்பி."

"நாளைக்கு என் வேலை போயிரும். இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்குல்ல?"

"இந்த அறைக்கு ஒரே சாவிதான். அது உங்க பையில இருக்கு."

"கதை நல்லா இருக்குக்கா. மேலாளர்கிட்ட சொல்லுங்க."

"பாதியில எழுப்புனா மறுபடியும் முதல்லேருந்து பாப்பாரு. அது அவர் குணம். எங்க உக்காந்து பாப்பாருன்னுதான் தெரியாது."

பூட்டு மேல்தளத்தில் இருந்த தம் இருக்கைக்குத் திரும்பி, அக்கா கள்ளச்சாவி வைத்திருப்பதாகவும் வேலையைக் கெடுப்பதாகவும் புகார் எழுதினார். பிற்பகல் மூன்று மணிக்கு அக்கா தம் பையுடன் வெளியேற்றப்பட்டார். பூட்டின் மேசையருகே மட்டும் ஒரு கணம் நின்றார்.

"நாற்காலியை ஏத்தி வைக்காதீங்க தம்பி. அவருக்குக் கால் எட்டாது."

அவர் படியிறங்கியதும், கோப்பறையைப் பூட்டிவிட்டு வந்து, பதினேழாம் எண்ணுக்கு எதிரே 'கட்டாயமாக மூடு' என்பதைப் பூட்டு அழுத்தினார்.

சிவப்பு அசையவில்லை.

கீழே, பூட்டிய கோப்பறையில், நாற்காலி ஒன்று பின்னுக்குத் தள்ளப்படும் ஓசை எழுந்தது.

பின்பு எல்லாம் பச்சையாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் மேலாளர் அவரது கையைக் குலுக்கினார். "நாற்பத்தொண்ணும் முடிச்சிட்டீங்க. இனிமே அந்த நாற்காலி உங்களுக்குத்தான்."

பூட்டு தம் அறைக்கு நடந்தார். முந்தைய மாலை அவரே பூட்டி, மூன்று முறை இழுத்துப் பார்த்த அறை அது. கதவைத் திறந்தார். தைலத்தின் மணம் வந்தது. அவருடைய நாற்காலி அடிமட்டம்வரை தாழ்ந்திருந்தது. அவருடைய திரையில் அந்தப் பழங்கோப்பு திறந்திருந்தது.

பக்கம் 1, மொத்தம் 640.

அலுவலகப் பட்டியலில் தேடி, அக்காவின் எண்ணை அழைத்தார்.

"அக்கா... இங்க வந்துட்டாரு. என்ன பண்ணணும்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

"சாவி யார்கிட்ட இருந்துச்சு தம்பி?"

"என்கிட்டதான். ஒரே சாவிதான். மன்னிச்சிருங்க."

"நாற்காலி சூடா இருக்கான்னு தொட்டுப் பாருங்க."

அவர் குனிந்து கையை நீட்டினார்.

இருக்கைக்கு ஒரு சாண் மேலேயே, ஏதோ ஒன்றின் மீது பட்டுக் கை நின்றது.

திரையில் இரண்டாம் பக்கம் புரண்டது.